போஸ்டரை மாடு தின்னுமுன் ஒரு கையெழுத்து

எங்கள் கல்லூரி ஆய்வுக்குழுவின் மதிப்புக்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். மதுரை முக்கியஸ்தர்களின் தொடர்புகளை வலைப்பின்னல் பகுப்பாய்வு (யார் யாரோடு இணைந்திருக்கிறார் என்று கோடு போட்டு எண்ணிப் பார்க்கும் முறை) மூலம் படிக்க நான் கேட்ட அனுமதி எங்கே நிற்கிறது என்று உங்களுக்கே தெரியும். போன கூட்டத்திலும் 'தனிநபர் விவரம், பிரச்சினை வரும்' என்று தள்ளிவைத்துவிட்டீர்கள்.

எது தனிநபர் விவரம்? என் தரவெல்லாம் கல்யாண போஸ்டர், கும்பாபிஷேக அழைப்பிதழ், ஆண்டுவிழா மலர். தலைமை யார், முன்னிலை யார், வாழ்த்துரை யார் என்று அவர்களே போட்டோவோடு அச்சடித்து ஊருக்குக் காட்டியவை. யார் யாரோடு எத்தனை மேடைகளைப் பகிர்ந்துகொண்டார்கள் என்று எண்ணப்போகிறேன், அவ்வளவுதான். 1930களில் அமெரிக்காவின் நாட்செஸ் நகரில் 18 பெண்கள், 14 நிகழ்ச்சிகள் என்று இப்படி எண்ணிப் போட்ட அட்டவணையை இன்றும் பாடத்தில் நடத்துகிறோம்.

பதினைந்தாம் நூற்றாண்டில் இத்தாலியின் பிளாரன்ஸ் நகரை ஆட்டிவைத்த மெடிசி குடும்பத்தைவிடப் பணக்காரர்கள் அந்த ஊரிலேயே இருந்தார்கள். ஆனால் தங்களுக்குள் கொடுக்கல் வாங்கல் இல்லாத குடும்பங்களோடெல்லாம் மெடிசிகள் சம்பந்தம் வைத்திருந்தார்கள். ஒருவரை ஒருவர் எட்ட இவர்கள் வழியாகத்தான் போக வேண்டும். பேட்ஜெட், ஆன்செல் என்ற ஆய்வாளர்கள் 1993-ல் இதைக் காட்டினார்கள். நம்மூரில் அப்படி நடுவில் இருப்பவர் யார் என்று பார்க்கக் கூடாதா?

பழைய விழா மலர்களைப் புரட்ட நூலகத்தில் உங்கள் கடிதம் கேட்கிறார்கள். அது இல்லாததால் கோரிப்பாளையத்திலும் மாட்டுத்தாவணியிலும் சுவர் சுவராகப் படம் எடுத்துக்கொண்டு அலைகிறேன். முகூர்த்தம் முடிந்த மறுநாளே கல்யாண போஸ்டர்மேல் கண்ணீர் அஞ்சலி ஏறிவிடுகிறது. தப்பித்ததை மாடு தின்றுவிடுகிறது. ஒரு வரவேற்புக் குழுவில் பாதிப் பேர் அப்படித்தான் என் அட்டவணைக்கு வராமலே போனார்கள்.

தயவுசெய்து அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடுங்கள்.

இதற்குப் பதிலாக விடுதி மாணவர்களின் நட்பு வட்டத்தை ஆராயச் சொன்னீர்கள். யார் யாரோடு சாப்பிடுகிறார்கள், யார் யாரிடம் கடன் வாங்குகிறார்கள், எந்தச் சாதிப் பையன் எந்த அறையில் இருக்கிறான்: இதையெல்லாம் கேட்கலாமாம், பிரச்சினை வராதாம். கீழே இருப்பவனைத் துருவித் துருவிக் கேட்டால் ஆய்வு. மேலே நிமிர்ந்து பார்த்தால் மட்டும் அத்துமீறல்! இந்த ஊரில் குடிசைக் கணக்கெடுப்புக்கு யாராவது அனுமதி மறுத்திருக்கிறார்களா? சரி, அதை விடுங்கள். உங்களில் சிலருடைய பெயரும் என் அட்டவணையில் 'முன்னிலை' வரிசையில் இருக்கிறது. தயக்கத்துக்கு அது காரணமாக இருக்காது என்றே நம்புகிறேன்.

கோபம் கொஞ்சம் மிஞ்சியிருந்தால் மன்னிக்கவும். பெயர்களை மறைத்து எண்களாகத் தரச் சொன்னால் தருகிறேன். கையெழுத்து மட்டும் வேண்டும். ஆவணி முகூர்த்தங்கள் தொடங்குமுன் கிடைத்தால் பெரிய உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் ஆய்வு மாணவி