சாராயக்கடைச் சுவர்

அன்புள்ள சண்முகத்துக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் நிறுத்திவிடாதே. உன்னை எனக்குத் தெரியும், இரண்டு நாள் உறுத்தல் இல்லையென்றால் மருந்தைத் தூக்கிப் போட்டுவிடுவாய். இங்கே எல்லோரும் சுகம். கம்பெனியை இப்போது மகள்தான் பார்த்துக்கொள்கிறாள். நான் மிளகாய் வாசம் பிடிக்கப் போய் உட்கார்ந்திருப்பதோடு சரி.

"உன் விளம்பரம் என் போனிலேயே வருகிறது, பெரிய ஆளாகிவிட்டாய்" என்று கிண்டல் செய்திருந்தாய். அதில்தான் மானம் போயிற்று, கேள்.

போன மாதம் பெருந்துறை மளிகைக்காரர் ஒருவர் வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினார். இருபது வருடமாக நம்மிடம் சரக்கு எடுப்பவர். யூடியூபில் ஒருவன் ஒரு சாதியாரை வாய்க்கு வந்தபடி ஏசுகிற வீடியோ, அதற்கு முன்னால் நம் சாம்பார்ப் பொடி விளம்பரம். கீழே ஒரே வரி எழுதியிருந்தார்: "அண்ணா, இது நீங்க கொடுத்ததா?" அவரும் அந்தச் சாதிக்காரர்தான். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

விளம்பரம் பார்த்துக்கொள்ளும் ஏஜென்சிப் பையனைக் கூப்பிட்டேன். "சார், நாம ஆளுக்குத்தான் காசு கொடுக்கிறோம், இடத்துக்கு இல்லை. சமையல் வீடியோ பார்க்கிறவங்க எங்கே போனாலும் நம்ம விளம்பரம் பின்னாலேயே போகும்" என்றான். பின்னாலேயே போய் எந்தச் சாக்கடையில் விழுந்தாலும் சரி போல.

அன்று ராத்திரி மகள் உட்கார்ந்து, விளம்பரம் எங்கெங்கே ஓடியது என்கிற ரிப்போர்ட்டைத் திறந்தாள். அது கூகுள் கணக்கிலேயே இருக்கிறதாம். தேடிப் போனால் கிடைக்கும், தானாக யாரும் சொல்ல மாட்டார்கள். பக்கம் பக்கமாக வந்தது. பாதிக்குப் பாதி சின்னப் பிள்ளைகள் விளையாடும் கேம். வண்ணம் அடிக்கிறது, பலூன் உடைக்கிறது. நாலு வயதுக் குழந்தை கை தவறித் தட்டிய ஒவ்வொரு தட்டுக்கும் நான் காசு கொடுத்திருக்கிறேன். சாம்பார்ப் பொடிக்கு!

அதுகூடப் போகட்டும். யூடியூபில் நீள வீடியோவுக்கு வரும் விளம்பரக் காசில் 55% அதைப் போட்டவனுக்குப் போகிறது என்று மகள் சொன்னாள். எனக்கு அதுதான் உறைத்தது. அதுவரை நம் பெயர் கெட்ட இடத்தில் நின்றதே என்றுதான் வருத்தம். அவன் ஏசியதற்குக் கூலி என் கல்லாவிலிருந்து போயிருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது.

அப்பா ஞாபகம் வந்தது. 1983 வாக்கில் ஊர் ஊராகச் சுவர் விளம்பரம் எழுதினோமே, காவிப் பட்டை அடித்து, நீலத்தில் எழுத்து. பவானி ரோட்டில் சாராயக்கடைச் சுவர் சும்மா கிடைக்கிறது, நல்ல கூட்டம் என்று பெயின்டர் சொன்னார். அப்பா வேண்டாம் என்றுவிட்டார். நீ அதைப் பெரிய கொள்கை என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாய். அவர் சொன்ன காரணம் எனக்கல்லவா தெரியும்: "பொடி வாங்கறது பொம்பளைங்க. அந்தப் பக்கம் அவங்க தலையைத் திருப்பவே மாட்டாங்க." கொள்கை பாதி, கணக்குப் பாதி. அதனால் அது மட்டம் என்று எனக்குத் தோன்றவில்லை.

பெரிய கம்பெனிகளும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். 2020 அக்டோபரில் மும்பையில், டிவி சேனலை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்கிற கணக்கைப் பொய்யாக ஏற்றியதாக டிஆர்பி மோசடி விவகாரம் வெடித்தபோது, மூன்று சேனல்களைக் கறுப்புப் பட்டியலில் வைத்திருப்பதாக பஜாஜ் ஆட்டோவின் ராஜீவ் பஜாஜ் சொன்னார். விஷம் கக்கும் செய்திச் சேனல்களுக்கு விளம்பரம் தரமாட்டோம் என்று பார்லேயும் சொன்னது. பார்லே-ஜி எல்லா வீட்டிலும் டீயில் நனைகிற பிஸ்கட். ஒரு சாராரை ஏசுகிற இடத்தில் அது நின்றால் ஏச்சு வாங்குகிறவன் வீட்டு டீயிலும் கசக்கும். தர்மமும் வியாபாரமும் அங்கே ஒரே பக்கம்தான் நிற்கின்றன. இரண்டும் எதிரெதிரே நின்றால் என்ன செய்வார்கள் என்பது வேறு கேள்வி.

இடத்தைக் குறைத்தால் வியாபாரம் படுத்துவிடும் என்று ஏஜென்சிப் பையன் பயமுறுத்தினான். அதற்கு மகள் ஒரு கதை சொன்னாள். அமெரிக்காவில் ஜேபி மார்கன் சேஸ் என்ற வங்கியின் விளம்பரம் மாதத்துக்கு 4 லட்சம் தளங்களில் ஓடிக்கொண்டிருந்தது. அதில் யாராவது தட்டியதெல்லாம் சுமார் 12,000 தளங்களில்தான். பயிற்சிக்கு வந்த ஒருவரை உட்காரவைத்து அந்தப் பன்னிரண்டாயிரத்தையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கச் சொன்னார்கள். 7,000 கழிந்தது. 2017இல் மிச்சம் 5,000 தளங்களோடு நிறுத்திக்கொண்டார்கள், பலன் குறையவில்லை. மெஷின் செய்த வேலையைச் சரிபார்க்கக் கடைசியில் ஒரு ஆள் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது, பார்த்தாயா.

நாங்களும் அப்படியே உட்கார்ந்தோம். கேம் எல்லாவற்றையும் அடைத்தோம். ஏசுகிற சேனல்களை ஒவ்வொன்றாகக் கழித்தோம். இப்போது நாங்களே பார்த்துப் பொறுக்கிய அறுபது எழுபது இடங்களில்தான் ஓடுகிறது. விற்பனை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. இதனாலா, பள்ளிக்கூடம் திறந்த செலவினாலா என்று சொல்லத் தெரியவில்லை.

ஒரு இடத்தில் மட்டும் மகளோடு சண்டை. சாவு, விபத்து, போராட்டம் என்கிற சொற்கள் வரும் பக்கமெல்லாம் வேண்டாம் என்று அடைத்துவிட்டாள். கூடாது என்றேன். கொரோனா வந்த புதிதில் அந்தச் சொல் இருந்த செய்திகளையெல்லாம் கம்பெனிகள் இப்படித்தான் ஒதுக்கின. ஊர் ஊராக அலைந்து எழுதிய பத்திரிகைகளுக்கு வருமானம் போயிற்று. நொய்யலில் சாயக்கழிவு கலக்கிறது என்று எழுதுகிறவன் பக்கத்தில் நம் பொடி நின்றால் என்ன குறைந்துவிடும்? அசிங்கத்தைச் செய்கிறவனும் அதை வெளியே சொல்கிறவனும் ஒன்றா? முணுமுணுத்துக்கொண்டே எடுத்துவிட்டாள்.

இப்போது உன்னிடம் ஒரு யோசனை. உள்ளூரில் ஒரு யூடியூப்காரன் இருக்கிறான். காலையில் சமையல், பிரமாதமாகச் செய்கிறான். ராத்திரி வேறொரு சேனலில் கண்டவர்களையும் வம்புக்கு இழுக்கிறான். தீபாவளிக்குச் சமையல் சேனலுக்கு மட்டும் விளம்பரம் கொடுங்கள் என்று வந்து நிற்கிறான், ரேட்டும் மலிவு. மகள் வேண்டவே வேண்டாம் என்கிறாள். எனக்கு மனசு ஆடுகிறது, பொய் சொல்வானேன். நீ பத்திரிகையில் விளம்பரப் பிரிவில் முப்பது வருடம் இருந்தவன், எதை வாங்கலாம் எதைத் திருப்பலாம் என்று முதலாளியோடு மல்லுக்கட்டியவன். என்ன சொல்கிறாய்? அடுத்த வாரத்துக்குள் எழுது, அவன் இரண்டாம் தடவை வந்துவிடுவான்.

மஞ்சள் பொடி இரண்டு கிலோ பார்சலில் போட்டிருக்கிறேன். அண்ணியிடம் கொடு. நீ பிரித்துக் கண்ணில் போட்டுக்கொள்ளாதே.

அன்புடன்,
வேலுச்சாமி