விஞ்ஞான வட்டச் செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, நிருவாக சபை உறுப்பினர்களே, பெற்றோர்களே, பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்கூட்டத்தில் தெரிவான எங்கள் நிருவாகம் மாதம் ஒருமுறை கூடியது. மார்கழிக் கூட்டம் மட்டும் மழை வெள்ளத்தால் நடக்கவில்லை. வாசிகசாலைக் கூரை திருத்தி முடிந்தது. கணக்கறிக்கையைப் பொருளாளர் வாசிப்பார். நான் விரிவாகச் சொல்ல விரும்புவது உயர்தரப் பிள்ளைகளுக்கு நடத்திய, உப்புப் போன்ற பளிங்குகளின் (படிகங்களின்) அமைப்பைக் காட்டும் பளிங்கு வகுப்பைப் பற்றித்தான்.

ஆனையிறவு உப்பளத்தைப் பார்த்தபடி பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் உப்பின் சாலகத்தை, அதாவது அணுக்கள் ஒழுங்காக அடுக்கியிருக்கும் அமைப்பை, புத்தகத்தின் தட்டைப் படத்தில்தான் படிக்கிறார்கள். “ஒரு சோடியத்தைச் சுற்றி ஆறு குளோரைட்டு” என்று மனப்பாடமாகச் சொல்வார்கள். ஆறாவது எங்கே என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். அதனால் முதலில் கல்லுப்பைக் கரைத்துத் தட்டில் ஊற்றி அசையாமல் வைத்தோம். சில நாளில் சின்னச் சின்னச் சதுரமுகிகள் (கனசதுரங்கள்) படிந்தன. மேலே மிதந்த சிலது உள்ளே குழிந்து, கவிழ்த்த கூம்பகம் (பிரமிட்) போல இருந்தன. உருப்பெருக்கியை ஒருவர் கையிலிருந்து ஒருவர் பறித்துப் பார்த்தார்கள்.

அப்புறம் அணுக்களின் அமைப்பை முப்பரிமாணத்தில் திருப்பிக் காட்டும் ஜேமோல் என்ற மென்பொருள். இலவசமானது, பழைய மடிக்கணனியிலும் ஓடும், இறக்கி வைத்துவிட்டால் இணையம் இல்லாமலும் வேலை செய்யும். முதல் நாள் வகுப்பு சரிவரவில்லை. நான் கொண்டுபோன கோப்பில் அணுக்களின் இடங்கள் மட்டும் இருந்தன. அலகுக் கலமோ (திரும்பத் திரும்ப அடுக்கினால் பளிங்கு முழுவதும் வரும் சிறு பெட்டி), ஓர் அணுவின் இடத்திலிருந்து அதை ஒத்த மற்ற இடங்களைக் காட்டும் சமச்சீர் விதிகளோ இல்லை. பிழை என்னுடையது. அடுத்த கிழமை பளிங்குகளுக்கென்றே உள்ள சிஃப் கோப்பை எடுத்து வந்தேன். அதில் எழுதியிருப்பது இரண்டே அணுக்கள்: ஒரு சோடியம், ஒரு குளோரின். மிச்சம் முழுவதையும் 192 சமச்சீர்ச் செயல்களைக் கொண்டு மென்பொருள் தானே நிரப்புகிறது. அது திரையில் நிரம்பியபோது பின்வாங்கிலிருந்தவர்களும் எழுந்து முன்னே வந்தார்கள்.

ஒரு தம்பி திரையில் விரலை வைத்து எண்ணிவிட்டு, “அண்ணை, ஒரு கலத்தில 27 அணு வருது. புத்தகத்தில 8 எண்டெல்லோ கிடக்கு?” என்றான். மிக நல்ல கேள்வி. மூலை அணு எட்டுக் கலங்களுக்குப் பொது, விளிம்பிலுள்ளது நான்குக்கு, முகத்திலுள்ளது இரண்டுக்கு. மூலை எட்டும் முகம் ஆறும் சேர்ந்து 4 சோடியம். விளிம்பு பன்னிரண்டும் நடுவிலுள்ள ஒன்றும் சேர்ந்து 4 குளோரின். பக்கத்துக் கலங்களையும் திரையில் ஏற்றிக் காட்டியதும் அவனே மற்றவர்களுக்கு விளங்கப்படுத்தினான்.

சதுரமுகியை மூலையால் பார்க்கத் திருப்பியதுதான் எனக்குப் பிடித்த இடம். 120 பாகை சுழற்றினால் பழைய தோற்றமே திரும்ப வருகிறது. கனவடிவப் பளிங்குத் தொகுதியின் அடையாளம் மூலைவழியே போகிற இந்த நான்கு மும்மடி அச்சுகள்தான், சதுர முகம் அல்ல. பைரைற்றுக் கனியமும் சதுரமுகியாக வளரும். ஆனால் அதன் முகத்திலுள்ள கோடுகள் 90 பாகை திருப்பினால் பொருந்தாது. என்றாலும் மும்மடி அச்சுகள் நான்கும் இருப்பதால் அதுவும் கனவடிவத் தொகுதியே.

வரும் ஆண்டில் குவாட்சு (quartz) என்ற கனியத்தை எடுக்க எண்ணியுள்ளோம். அதில் அணுத்தொடர் இடமாகவோ வலமாகவோ முறுகிப் போகும். ஒன்று மற்றதன் கண்ணாடி விம்பம், எப்படித் திருப்பினாலும் ஒன்றாகாது. இதற்கு இரண்டு திரைகளைப் பக்கத்தில் வைத்துக் காட்ட வேண்டும். ஆகவே இன்னொரு மடிக்கணனி வாங்க அனுமதி கேட்கிறேன். தூரத்துப் பிள்ளைகள் கடைசி பஸ்ஸுக்காக இடையில் எழும்பிப் போகிறார்கள். வகுப்பைச் சனிக்கிழமை காலைக்கு மாற்றவும் சபை இன்றே முடிவெடுக்க வேண்டும்.

நன்றி.
செயலாளர்