கிளீவ்டன் கடற்பாலத்தில் ஒரு மாலை

ஆசிரியர் அவர்களுக்கு,

இங்கிலாந்து போகிறவர்கள் லண்டனோடு திரும்பிவிடுவதைப் பார்த்தால் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருக்கிறது. பிரிஸ்டலுக்குப் பக்கத்தில் கிளீவ்டன் என்று ஒரு சின்னக் கடலோர ஊர், அங்கே 1869-இல் திறந்த ஒரு கடற்பாலம். அக்கரைக்குப் போகிற பாலமில்லை, கடலுக்குள் முன்னூறு மீட்டர் போய் நின்றுவிடும், அவ்வளவுதான்.

தூரத்திலிருந்து பார்த்தால் கால்கள் குச்சி மாதிரித் தெரியும், இது எப்படி நிற்கிறது என்று தோன்றும். அத்தனையும் ரயில் பாதைக்காகச் செய்து, அங்கே சரிப்படாமல் போன பழைய தண்டவாள இரும்பு! அந்தக் கடலில் நீர்மட்டம் ஒரே நாளில் சுமார் 14 மீட்டர் வரை ஏறி இறங்கும் என்பதால்தான் கால்கள் அவ்வளவு உயரம்.

1970-இல் காப்பீட்டுக்காக எடை வைத்துச் சோதித்தபோது (சோதனையே வினையானது) பாலத்தின் இரண்டு கண்கள், அதாவது கால்களுக்கு இடையே உள்ள இரண்டு பகுதிகள், இடிந்து விழுந்தன. இடித்துத் தள்ளிவிடலாம் என்ற பேச்சும் வந்தது. ஊர்க்காரர்கள் விடவில்லை, போராடி, பணம் திரட்டி, 1989-இல் மறுபடி திறந்தார்கள், முனை வரை வேலை முடிய 1998 ஆனது. நன்கொடை தந்தவர்களின் பெயர்கள் நடைபலகைகளில் பித்தளைத் தகடுகளாகப் பதித்திருக்கின்றன. நான் பாதி நேரம் கடலைப் பார்க்கவில்லை, குனிந்து அதைத்தான் படித்துக்கொண்டிருந்தேன்.

மணல் கடற்கரையை எதிர்பார்த்துப் போகாதீர்கள். கூழாங்கல்லும் சேறும்தான், தண்ணீரும் பழுப்பு. அப்புறம், கோடையில் போனால் வேவர்லி என்ற பழைய துடுப்புச் சக்கர நீராவிக் கப்பல் எந்த நாளில் வருகிறது என்று பார்த்துக்கொண்டு போங்கள், நான் பார்க்காமல் போய் ஏமாந்தேன்.

ஒரு வாசகர்