மாப்ளே, 2000 மடங்கை நம்பாதே

சிம்மக்கல், மதுரை

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்கு முட்டிவலி குறைந்ததில் நிம்மதி. இங்கே பெரியவளுக்கு வரன் பார்க்கிறோம். மேலூர்ப் பக்கம் நல்ல இடம் இருந்தால் காதில் போட்டுவை.

பள்ளிக்கூடத்துக்குப் பழைய மாணவர்கள் மைக்ராஸ்கோப் வாங்கித் தருவது சந்தோஷம். ஆனால் பிள்ளைகள் செல்போனில் டெங்கு வைரஸ் படத்தைப் பார்த்துவிட்டு, "இது தெரியுற மாதிரி வாங்குங்க சார்" என்கிறார்களே, அது நடக்காது. லேபில் காய்ச்சல்காரர்களும் என்னிடம் இதையே கேட்பார்கள். மலேரியா என்றால் காட்டிவிடுவேன். சிவப்பணு ஏழெட்டு மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதிலும் ஆயிரத்தில் ஒரு பங்குதான் நானோமீட்டர்), அதற்குள் கிருமி மோதிர வடிவில் உட்கார்ந்திருக்கும். டெங்கு வைரஸோ சுமார் 50 நானோமீட்டர். ஒரு மைக்ரானில் இருபதை வரிசையாக நிறுத்தலாம்.

குறை லென்ஸில் இல்லை, வெளிச்சத்தில். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 400 முதல் 700 நானோமீட்டர். விளக்குமாற்றால் புள்ளிக்கோலம் போட முடியுமா? சுமார் 200 நானோமீட்டரைவிட நெருங்கிய இரண்டு புள்ளிகள் ஒன்றாகக் கலந்துதான் தெரியும். ஜெர்மன் இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் அபே 1873லேயே இதைக் கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டார். (ஒளிரும் சாயத்தை வைத்து இந்த எல்லையைத் தாண்டியவர்களுக்கு 2014இல் நோபல் கிடைத்தது. அது நம் பட்ஜெட்டில் வராது.) ஆகவே கடைக்காரர் 2000 மடங்கு என்றால் மயங்காதே. ஆயிரத்துச் சொச்சத்துக்கு மேல் மங்கல்தான் பெரிசாகும்.

1931இல் பெர்லினில் எர்ன்ஸ்ட் ரஸ்காவும் மாக்ஸ் நோலும் ஒளியை விட்டுவிட்டு எலக்ட்ரானைப் பிடித்தார்கள். அதுதான் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப், பிள்ளைகள் பார்த்த மாதிரி வைரஸ் படம் அதில் எடுப்பது. ஒரு லட்சம் வோல்ட்டில் விரட்டினால் அதன் அலைநீளம் 0.004 நானோமீட்டருக்கும் குறைவு. அதை வளைத்துக் குவிப்பது மின்காந்தச் சுருள், கண்ணாடி இல்லை. ரஸ்காவுக்கு நோபல் வந்தது 1986இல். பாவம், நோல் அதற்குள் காலமாகிவிட்டார்.

காற்றில் எலக்ட்ரான் சிதறும் என்பதால் உள்ளே வெற்றிடம் வேண்டும். ஈரமான எதையும் அப்படியே வைக்க முடியாது. மேற்பரப்பைப் பார்ப்பதென்றால் உலர்த்தி, மெல்லிய தங்கப் பூச்சு கொடுப்பார்கள். ஊடுருவிப் பார்ப்பதென்றால் 100 நானோமீட்டருக்கும் மெலிதாகச் சீவுவார்கள். உயிரோடு எதுவும் மிஞ்சாது. நிறமும் கிடையாது, பிள்ளைகள் பார்த்த சிவப்பும் பச்சையும் பிறகு கம்ப்யூட்டரில் ஏற்றியவை.

அந்தக் கருவி செய்ததில் எனக்குப் பிடித்தது தாமரை இலை விவகாரம். தண்ணீர் ஒட்டாது என்று காலங்காலமாகச் சொல்கிறோம், ஏன் என்பதை ஜெர்மன் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்த்லாட் அதில் பார்த்துத்தான் விளக்கினார். இலை முழுக்கச் சில மைக்ரான் மேடுகள், மேடுகளின் மேல் அதைவிடப் பொடிசான மெழுகுக் குழாய்கள். துளி அவற்றின் உச்சியில் நிற்கிறது, அடியில் காற்று. சாதாரண மைக்ராஸ்கோப்பில் ஒரு மேட்டைத் தெளிவாக்கினால் பக்கத்துப் பள்ளம் கலங்கிவிடும்.

ஆனால் கண்மாய்த் தண்ணீரில் ஒரு சொட்டு எடுத்து, பாரமீசியம் சுழன்று ஓடுவதைப் பிள்ளைகளுக்குக் காட்ட, கோடி ரூபாய் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பால் ஆகாது. அதனால் இரண்டு கண்ணால் பார்க்கிற மாதிரி, எல்இடி விளக்கோடு, 4, 10, 40, 100 மடங்கு என்று நாலு லென்ஸ் உள்ளதாக வாங்கு. 100க்கு எண்ணெய் பாட்டில் தனியாகக் கேள். அந்த லென்ஸின் மேல் 1.25 என்று எழுதியிருக்க வேண்டும், அது லென்ஸ் எவ்வளவு வெளிச்சத்தை அள்ளும் என்பதற்கான எண். பில் போடுமுன் போட்டோ எடுத்து அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

உன் மாப்ளே