பெரியவன் இப்போது என்ன சாப்பிடுகிறான்

வில்லிவாக்கம், சென்னை

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் பாட்டியும் இங்கு நலம். உன் நலமறிய ஆவல். ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீ கோபித்துக்கொண்டதில் எனக்கு வருத்தமில்லை. நீ தொட்டியில் வளர்த்த இரண்டு ஆஸ்கார் மீன்களில், சின்னவன் போனபின் மிஞ்சியிருக்கும் பெரியவனை நான் 3 நாள் பட்டினி போட்டேன் என்று பாட்டி சொன்னது உண்மைதான். ஏன் போட்டேன், பிறகு என்ன நடந்தது என்பதைத் தொலைபேசியில் சொல்லி முடிக்க முடியாது என்பதால் எழுதுகிறேன்.

சின்னவன் எப்படிப் போனான் என்பதை நான் உன்னிடம் முழுமையாகச் சொல்லவில்லை. ஜூலையில், நீ பழக்கிவிட்டுப் போனபடியே, கொளத்தூரில் ஒரு கடையில் இரைக்கென்று 20 குட்டித் தங்கமீன்களை வாங்கி வந்து தொட்டியில் விட்டேன். ஒரு வாரத்திற்குள் சின்னவனின் துடுப்புகளில் ரவையைத் தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. அந்தப் புள்ளிகளை உண்டாக்கும் ஒட்டுண்ணி மீனின் தோலுக்கடியில் வளர்ந்து, உதிர்ந்து, தொட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டு நூற்றுக்கணக்கில் பெருகி, மறுபடியும் மீனைத் தேடி வருமாம். தோலுக்குள் இருக்கும்வரை மருந்து அதைத் தொடாது, நீரில் நீந்தி அலையும்போதுதான் கொல்லும். ஹீட்டரை 30 டிகிரியில் வைத்து, கல்லுப்பு போட்டு, தினமும் தண்ணீர் மாற்றினேன். பெரியவன் பிழைத்தான். சின்னவனுக்குச் செவுளிலும் பற்றிவிட்டதால், நீர்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடியபடியே அடங்கிப்போனான். அந்த இரவை என்னால் மறக்க முடியவில்லை.

இரைமீன்களைக் கடைகளில் ஒரே தொட்டியில் நெருக்கி அடைத்து வைக்கிறார்கள். ஒன்றுக்கு நோய் வந்தால் எல்லாவற்றுக்கும் வரும், அதை நாம் காசு கொடுத்து வீட்டுக்குக் கொண்டுவருகிறோம். நம் ஆஸ்கார்கள் குஞ்சுகளாக இருந்தபோது நீ போட்ட செம்புழுவும் சாக்கடைச் சேற்றில் விளைவதுதானே. இவை போதாதென்று, தங்கமீனின் உடலில் தயமினேஸ் என்ற நொதி இருக்கிறது. அது வைட்டமின் பி1-ஐச் சிதைப்பதால், தங்கமீனையே தின்று வளரும் மீனுக்கு நாளடைவில் நரம்பு தளர்ந்து நீந்துவதே தடுமாறும். இத்தனையும் தெரிந்த பிறகு மறுபடி அந்தக் கடைவாசலில் போய் நிற்க எனக்கு மனம் வரவில்லை. பெரியவனை உயிர் இரையிலிருந்து பெல்லட் என்ற உலர்தீவன உருண்டைக்குப் பழக்கத்தான் முதலில் பசிக்க விட்டேன்.

பட்டினி என்று நீ பதறினாய். நமக்கு உடம்புச் சூட்டைக் காப்பதற்கே சோறு வேண்டும். மீனின் உடம்பு தண்ணீரின் சூட்டிலேயே இருப்பதால் அதற்கு அந்தச் செலவில்லை. முக்கால் அடி வளர்ந்த ஆஸ்கார் ஒரு வாரம்கூடத் தாங்கும். குஞ்சாக இருந்திருந்தால் நான் இதற்குத் துணிந்திருக்க மாட்டேன். ஆனாலும் மாலையில் நான் கூடத்திற்கு வரும்போதெல்லாம் அவன் கண்ணாடியோரம் வந்து நின்று என்னையே பார்ப்பான். பாட்டியோ, "வாயில்லா ஜீவனை வாட்டுகிறாயே" என்பார். இரண்டையும் தாங்கிக்கொள்வதுதான் கடினமாக இருந்தது.

நான்காம் நாள் இறால் வாங்கி, உரித்து, குடலை நீக்கி, சுண்டுவிரல் நுனியளவு நறுக்கி, இடுக்கியில் பிடித்து நீரில் மெல்ல ஆட்டினேன். அசைவதைத்தான் அவன் இரை என்று நினைக்கிறான். ஆட்டியதும் பாய்ந்து பிடுங்கினான். இரண்டு நாள் கழித்து இறாலைக் கீறி உள்ளே ஒரு பெல்லட்டைச் செருகிக் கொடுத்தேன். வாயில் போட்டு அரைத்து, இறாலை மட்டும் விழுங்கிவிட்டு, பெல்லட்டைச் செவுள் வழியாகத் தூளாகத் துப்பினான். அந்தத் தூள் அழுகினால் அம்மோனியா ஏறிவிடும் என்பதால், ஒவ்வொரு முறையும் 10 நிமிடத்திற்குள் சிறு குழாயால் உறிஞ்சி எடுத்தேன். ஒருநாள் விட்டு ஒருநாள் கால்பங்குத் தண்ணீரை மாற்றினேன். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருப்பதால் முதல் நாளே வாளிகளில் பிடித்து வைத்துவிடுவேன்.

பிறகுதான் எனக்கு ஒன்று தோன்றியது. பெல்லட்டைக் கழுவாத இறாலின் சாற்றில் கொஞ்ச நேரம் ஊறவைத்து, ஃபில்டரிலிருந்து தண்ணீர் விழும் இடத்தில் ஒவ்வொன்றாகப் போட்டேன். விழும் நீரில் அது முங்கி முங்கி எழுந்து, உயிருள்ளதுபோல் ஓடியது. அவன் அடியிலிருந்து சாய்ந்து பார்த்தான். துடுப்பை மட்டும் அசைத்துக்கொண்டு அரை நிமிடம் அப்படியே நின்றான். சட்டென்று மேலே வந்து விழுங்கினான். துப்புவான் என்று குழாயைக் கையில் பிடித்தபடி காத்திருந்தேன். துப்பவில்லை. மறுநாள் அவன் கழிவு வெள்ளை நூலாக இல்லாமல் பழுப்பாக இருந்ததைப் பார்த்து, சமையலறையில் இருந்த அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

இப்போது இறால் சாறும் வேண்டியதில்லை. காலையில் 8 பெல்லட், மாலையில் 8, எல்லாம் மிதக்கும் வகை. பெரிய டப்பா மலிவு என்று கடைக்காரர் சொன்னாலும் நான் 100 கிராமுக்கு மேல் வாங்குவதில்லை. திறந்து வைத்தால் நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் பூசணம் பிடிக்கும், எண்ணெய் காறிப்போகும், வைட்டமின் சி குறைந்துகொண்டே வரும். ஆகையால் இறுக மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கிறேன். வத்தல் டப்பா என்று நினைத்து அப்பா ஒருமுறை திறந்துவிட்டார்.

டிசம்பரில் நீ வரும்போது ஆசையாக இரைமீன் வாங்கிவராதே, கண்ணா. உன் கையால் ஏதாவது கொடுக்க வேண்டுமென்றால், வெள்ளிக்கிழமை அவனுக்கு இறால் நாள். இரண்டு துண்டு, உரித்து வைக்கிறேன். ஆட்டிக் காட்டத் தேவையில்லை, சும்மா போட்டாலே இப்போது எடுத்துக்கொள்கிறான்.

அன்புடன்,
அம்மா