பண்ணைக் கடலின் நிறம்

யாழ்ப்பாணம்,
ஐப்பசி, ஞாயிறு மாலை.

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. அப்பாவும் நானும் நலம். நீயும் மருமகளும் குழந்தையும் நலமாயிருக்க நல்லூரானை வேண்டுகிறேன். இங்கே மழை தொடங்கிவிட்டது.

போன கிழமை நீ தொலைபேசியில் சொன்ன விடயம் இன்னும் என் மனத்தை விட்டுப் போகவில்லை. ஆவணியில் இங்கு வந்தபோது பண்ணைக் கடலோரத்தில் நீ எடுத்த படத்தை, ரொறன்ரோவில் உங்கள் படமெடுக்கும் நண்பர்கள் கூடியிருந்த இடத்தில் ஒருவர் பார்த்து, "இது வெறும் தபாலட்டைப் படம்" என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார் என்றும், அதற்குப் பிறகு இரண்டு கிழமையாக நீ கமராவைத் தொடவில்லை என்றும் சொன்னாய். அதோடு, புதிதாய் வருபவர்களின் படங்களைப் பார்த்துக் கருத்துச் சொல்லும் பொறுப்பை அடுத்த மாதத்திலிருந்து உன்னிடம் தந்திருக்கிறார்கள் என்றும் சொன்னாய். வாயால் மறுமொழி சொன்னால் அவசரப்பட்டு எதையாவது சொல்லிவிடுவேன் என்று பயந்துதான் எழுதுகிறேன்.

நம்மூரில் ஒரு படத்தைக் காட்டினால் எல்லோர் வாயிலும் வருவது "வடிவாயிருக்கு" என்ற சொல்தான். அன்பினால் சொல்கிறார்கள், அதில் குறை காண மாட்டேன். ஆனால் அந்தச் சொல்லை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவருக்கு, நாளைக்குக் கமராவைத் தூக்கும்போது புதிதாய்ச் செய்வதற்கு ஒன்றும் கிடைப்பதில்லை. தபாலட்டை என்று சொன்னவரிடமிருந்து உனக்கும் அப்படி ஒன்றும் கிடைக்கவில்லை. நாங்கள் அழகையும் வடிவு என்கிறோம், கவனமாய்ப் பார்க்கச் சொல்லும்போதும் "வடிவாய்ப் பார்" என்கிறோம். வடிவாய்ப் பார்க்காதவருக்கு வடிவென்று சொல்லவும் உரிமையில்லை, வடிவில்லையென்று சொல்லவும் உரிமையில்லை என்பதை நான் விளங்கிக்கொண்டது அண்மையில்தான், அதுவும் ஒரு பிள்ளையின் மனத்தை நோகடித்த பிறகு.

நீ விட்டுப்போன பழைய கமராவை வைத்துக்கொண்டு மாதத்தில் ஒரு ஞாயிறு எங்கள் விறாந்தையில் ஆறேழு பேர் கூடுகிறோம் என்பது உனக்குத் தெரியும். பக்கத்து ஒழுங்கையில் பத்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு பிள்ளை, தன் அம்மம்மா பனையோலைப் பெட்டி இழைப்பதைக் கைத்தொலைபேசியில் எடுத்துக்கொண்டு ஒருமுறை வந்தாள். முப்பது வருடம் கணித விடைத்தாள் திருத்திய பழக்கம் என்னை விடவில்லை. தரை சரிந்திருக்கிறது, இரண்டு விரல்களின் நுனி வெட்டுப்பட்டிருக்கிறது, பின்னால் ஒரு நீல வாளி நிற்கிறது, யன்னல் பக்கம் முழுக்க வெளுத்துவிட்டது, முகம் இருட்டு என்று ஐந்து பிழைகளை அடுக்கிச் சொன்னேன். ஐந்தும் உண்மையாகவே படத்தில் இருந்தன. "ஓம் ரீச்சர்" என்று சொல்லிக் கைத்தொலைபேசியை வாங்கிக்கொண்டு போனவள், அதன்பின் இரண்டு மாதமாய் வரவில்லை.

மூன்றாம் மாதம் நானே அவளுடைய வீட்டுக்குப் போய், அந்தப் படத்தை இன்னொருமுறை காட்டச் சொல்லி, "இதிலே நான் எதைப் பார்க்கவேணும் எண்டு நினைச்சனி பிள்ளை?" என்று கேட்டேன். முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. "அம்மம்மான்ர நகம் ரீச்சர். ஓலைக்குச் சாயம் போட்டுப் போட்டு ஊதாவாப் போச்சு, கழுவினாலும் போகாது" என்றாள். அப்போதுதான் பார்த்தேன். பெருவிரல் நகத்தின் ஓரத்தில் ஊதா நிறம் படிந்து, நகக்கண்ணுக்குள்ளும் ஏறி, அந்த விரல் பிடித்திருந்த ஓலையின் ஊதாவும் நகத்தின் ஊதாவும் எங்கே பிரிகின்றன என்று தெரியாமல் இருந்தது. ஒரு முழு வாழ்க்கையின் வேலை அந்த நகத்தில் இருக்க, நான் வாளியைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். நகம்தான் படம் என்று தெரிந்தவுடன் என்னுடைய ஐந்து பிழைகளில் நான்கு உதிர்ந்துவிட்டன. முகம் இருட்டாயிருந்தது நல்லதாகவே போயிற்று. மிஞ்சியது ஒன்றே ஒன்று: நகத்தைக் காட்டும் படத்தில் விரல் நுனி வெட்டுப்படக்கூடாது. அதை மட்டும் சொன்னேன். அடுத்த ஞாயிறு அவள் கொண்டுவந்த படத்தில் பத்து நகமும் இருந்தன.

ஆகவே உன்னிடம் ஒரு படத்தைத் தந்தால், முதலில் உன் கண் எங்கே போயிற்று, பிறகு எங்கே போயிற்று, எங்கே தங்கியது என்பதைச் சொல். அது தீர்ப்பு அல்ல, உனக்குள் நடந்த ஒன்று. அதை யாரும் மறுக்க முடியாது, எடுத்தவருக்கோ அது மிகப் பெரிய செய்தி. பிறகு அவர் எதைக் காட்ட நினைத்தார் என்று கேள். இரண்டும் வேறாயிருந்தால், அந்த இடைவெளியைக் குறைக்க அடுத்தமுறை அவருடைய காலோ கையோ செய்யக்கூடிய ஒரு காரியத்தைச் சொல். எங்கள் கூட்டத்தில் ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர் நல்லூர்த் தேரன்று எடுத்த படத்தில் வேட்டிகள் எல்லாம் அழுக்காய்த் தெரிந்தன. "இருட்டாயிருக்கு" என்று நாங்கள் சொன்னபோது அவருக்கு வருத்தம்தான் வந்தது. கமராவின் ஒளிமானி தான் பார்ப்பதை எல்லாம் நடுச்சாம்பல் நிறமென்று வைத்துக் கணக்குப் போடுகிறது, படம் முழுக்க வெள்ளை வேட்டியாயிருந்தால் வெள்ளையையும் சாம்பலாக்கிவிடும், ஆகவே ஒரு ஸ்டொப் கூட்டி, அதாவது ஒளியை இரட்டிப்பாக்கி எடுத்துப் பாருங்கள் என்று இன்னொருவர் சொன்னபோதுதான் அவர் முகம் தெளிந்தது.

படம் எங்கே எடுத்தது என்பதையும் கேட்டுக்கொள். "மாலை வெயில் இளகும்வரை காத்திருந்திருக்கலாம்" என்று உங்கள் ஆட்கள் அடிக்கடி சொல்வதாகச் சொன்னாய். ரொறன்ரோ 43 பாகைக்கும் மேலே வடக்கில் இருப்பதால் அங்கே சூரியன் சாய்ந்து சாய்ந்து, நேரமெடுத்து இறங்குகிறது. யாழ்ப்பாணம் 10 பாகைக்கும் சற்றுக் குறைவு. இங்கே அது ஏறத்தாழ நெட்டாய் விழுந்துவிடும். ஆகஸ்ட் கடைசியில் நடுப்பகலில் உச்சந்தலைக்கு நேரே நின்று கண்குழிகளை எல்லாம் கறுப்பாக்கும். இங்கே எடுத்த படத்தைப் பார்த்து அங்கத்தைய மாலையைக் கேட்பது நியாயமில்லை.

எல்லாவற்றுக்கும் முன்னே ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும், தம்பி. சில படங்கள் திருத்துவதற்காகத் தரப்படுவதில்லை. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு போரினால் வலிகாமத்தை விட்டுத் தென்மராட்சிக்கு நடந்தபோது, எங்கள் வீட்டு அல்பங்கள் எல்லாம் அலுமாரியிலேயே கிடந்தன; திரும்பி வந்தபோது அலுமாரியும் இல்லை. என் கைப்பைக்குள் தற்செயலாய் இருந்த தாத்தாவின் ஒரேயொரு படம் மட்டும் தப்பியது. அதில் அவருடைய வலது கை பாதியில் வெட்டுப்பட்டிருக்கிறது, முகமும் அசைந்திருக்கிறது. அதைக் கையில் தருகிற என்னிடம் யாராவது அசைவைப் பற்றிப் பேசினால் எனக்கு எப்படியிருக்கும்? நம் ஆட்களில் எத்தனையோ பேரிடம் இப்படி ஒரு படம்தான் மிஞ்சியிருக்கிறது. அதனால், திருத்தத் தருகிறீர்களா, பார்க்கத் தருகிறீர்களா என்று கேட்டுவிட்டுத்தான் வாயைத் திற. பார்க்கத் தந்ததென்றால் படத்தில் உள்ளவரைப் பற்றிக் கேள்.

இனி, கருத்தை வாங்கிக்கொள்வது. எனக்கு இது சொல்வதைவிடக் கடினமாயிருந்தது. மணற்காடு என்ற ஊரில் மணலுக்குள் பாதி புதைந்து கிடக்கும் பழைய தேவாலயச் சுவரை நான் எடுத்து வந்து காட்டியபோது, தபாலதிபர் நெடுநேரம் பார்த்துவிட்டு, "நான் எங்க பாக்கவேணும், ரீச்சர்?" என்று மட்டும் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. வெயிலில் எவ்வளவு தூரம் நடந்தேன், காற்று எப்படி மணலை வாரி அடித்தது, அந்தச் சுவரின் முன் நின்றபோது என்ன தோன்றியது என்று பத்து நிமிடம் பேசினேன். அவர் பொறுமையாய்க் கேட்டுவிட்டு மறுபடியும் படத்தைப் பார்த்தார். நான் சொன்ன காற்று அந்தப் படத்தில் இல்லை. இரவு தனியே இருந்து பார்த்தபோது எனக்கே தெரிந்தது: சுவரின் மேல்விளிம்பு தொடுவானத்தோடு ஒட்டிக்கொண்டு, சுவரும் மணலும் வானமும் ஒன்றாய்க் கலந்துபோயிருந்தன. மூன்று கிழமைக்குப் பிறகு திரும்பப் போய், முழங்காலை மடித்துத் தாழ்வாய் இருந்து எடுத்தேன். சுவர் வானத்துக்குள் எழுந்து நின்றது. அன்றிலிருந்து என் படத்தை ஒருவர் பார்க்கும்போது, அவர் சொல்லி முடிக்கும்வரை நான் விளக்கம் சொல்வதில்லை. கேட்டதைக் கொப்பியில் எழுதி வைத்து, இரண்டு நாள் கழித்துத்தான் ஏற்பதா விடுவதா என்று பார்க்கிறேன். சிலவற்றை விட்டுவிடுகிறேன்.

இப்போது உன் பண்ணைப் படத்துக்கு வருகிறேன். நேற்றும் இன்றுமாய் அதை வடிவாய்ப் பார்த்தேன். என் கண் முதலில் இடது மேல்மூலையில் உள்ள வெள்ளை முகிலுக்குப் போனது. படத்தில் மிக வெளிச்சமான இடம் அதுதான். பிறகுதான் இடுப்பளவு தண்ணீரில் வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு வரும் அந்த மனிதரிடம் வந்தது. அவருடைய தோளின் சாய்வில் நெடுநேரம் நின்றது. அந்தச் சாய்வில் வள்ளத்தின் பாரம் முழுவதும் தெரிகிறது. அதை நீ பிடித்த கணம் மிகச் சரியானது. அம்மா என்பதற்காகச் சொல்லவில்லை. மீன்பிடிக்கக் கடலில் நட்ட சிறகுவலைத் தடி ஒன்று அவருடைய தலையிலிருந்து முளைத்ததுபோல் நிற்கிறது. வலப்பக்கம் ஓரடி வைத்திருந்தால் தடி விலகியிருக்குமோ, அல்லது வீதியோரத்தில் நின்ற உனக்கு அதற்கு இடமிருக்கவில்லையோ என்று எனக்குத் தெரியாது, நீதான் சொல்ல வேண்டும்.

ஆனால் ஒன்று எனக்கு நிச்சயமாய்த் தெரியும். பண்ணைக் கடல் அந்த நிறமில்லை. அறுபது வருடமாய் நான் பார்க்கும் கடல் அது. ஆழமில்லாத, அடிச்சேறு தெரிகிற, சாம்பலும் பச்சையும் கலந்த தண்ணீர். நீ கணினியில் நீலத்தை ஏற்றியிருக்கிறாய். அந்த நீலம் வந்தவுடன் அந்த மனிதரின் உழைப்பு பின்னுக்குப் போய், உல்லாசப் பயணிகளுக்கு விற்கிற கடல் முன்னுக்கு வந்துவிடுகிறது. தபாலட்டை என்று சொன்னவர் மரியாதையில்லாமல் சொன்னார், காரணமும் சொல்லவில்லை. இருந்தாலும் அவர் கண்ணில் குத்தியது இந்த நீலமாகத்தான் இருக்க வேண்டுமென்று நினைக்கிறேன். அடுத்தமுறை காணும்போது, படத்தின் எந்த இடம் அப்படிச் சொல்ல வைத்தது என்று கோபமில்லாமல் அவரையே கேட்டுப் பார்.

நிறத்தில் கை வைக்காத மூலப்படத்தை எனக்கு அனுப்பு. மணற்காட்டுப் படங்கள் இரண்டையும் இத்துடன் அனுப்புகிறேன். முதலாவது எது, இரண்டாவது எது என்று குறிக்கவில்லை. மருமகளிடமும் தனியாகக் காட்டி, இருவருடைய கண்ணும் முதலில் எங்கே போயிற்று என்று எழுது.

இப்படிக்கு,
அன்பு அம்மா