வேலை குடுத்தா போதுமா, குடியிருக்க வீடு யார் குடுப்பாங்க?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன வாரம் மாற்றுத்திறனாளிங்களுக்கான வேலைவாய்ப்பு முகாம் பத்தி ஒரு முழு பக்கம் போட்டிருந்தீங்க, எந்த கம்பெனி வந்துச்சு, எத்தன பேருக்கு ஆர்டர் குடுத்தாங்கன்னு எல்லாம் விவரமா இருந்துச்சு, சந்தோஷம். ஆனா அந்த பக்கத்துல ஒரு வரி கூட இல்லாத விஷயம் ஒண்ணு இருக்கு. வேலை கிடைச்ச ஆளு ராத்திரி எங்க போய் படுப்பாரு? நான் கேளம்பாக்கம், திருப்போரூர் பக்கம் வாடகைக்கு வீடு பிடிச்சு குடுக்கற புரோக்கர். இந்த கேள்விய தினமும் பாக்கற ஆளுங்கறதால எழுதறேன், கொஞ்சம் நீளமா போனா பொறுத்துக்கங்க.

மாற்றுத்திறனாளின்னா நம்ம மனசுல வர்றது வீல்சேர், கம்பு, காது மிஷின். அவங்களுக்கும் வீடு கிடைக்கறது கஷ்டம்தான், கிரவுண்ட் ஃப்ளோர் வேணும், பாத்ரூம் கதவு அகலமா வேணும், வாசல்ல ஒரு சின்ன சரிவு போட்டுக்கறேன்னு கேட்டா ஓனர் டைல்ஸ் போயிடும்பாரு. ஆனா ஓனர் கதவையே தெறக்காத ஒரு கூட்டம் உண்டு, அது மனநலம் பாதிக்கப்பட்டு குணமாகி வந்தவங்க. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமை சட்டத்துல இருக்கற 21 வகைல அவங்களும் ஒரு வகைதான், இது பல பேருக்கு தெரியவே தெரியாது. பழைய 1995 சட்டத்துலயும் மனநோய்ங்கற பேர் இருந்துச்சு, ஆனா அரசு வேலை 3 சதவீத ஒதுக்கீட்டுல இடம் இல்ல. புது சட்டத்துல ஒதுக்கீடு 4 சதவீதம் ஆச்சு, அதுல கடைசி 1 சதவீதத்த ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், ரெண்டு மூணு குறைபாடு சேர்ந்தவங்கன்னு இத்தன பேருக்கும் பங்கு போட்டு வெச்சிருக்காங்க.

சென்னைல தி பேன்யன்னு ஒரு அமைப்பு இருக்கு, உங்க வாசகர்கள் நிறைய பேருக்கு தெரிஞ்சிருக்கும். 1993ல வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார்னு ரெண்டு சின்ன வயசு பொண்ணுங்க ஆரம்பிச்சது, தெருவுல நிலை தெரியாம அலைஞ்ச பொம்பளைங்கள கூட்டிட்டு வந்து வைத்தியம் பாத்து குடும்பத்தோட சேத்து வெக்கறதுதான் அப்போ முக்கிய வேலை. பல பேர் ஊருக்கு திரும்பி போனாங்க. ஆனா எல்லாருக்கும் போக ஒரு வீடு இல்லியே. அண்ணன் தம்பி வேணாம்னுடுவாங்க, புருஷன் வேற கல்யாணம் பண்ணியிருப்பான், ரேஷன் கார்டுல இருந்து பேரையே எடுத்திருப்பாங்க. உடம்பு தேறிடுச்சு, புத்தி தெளிஞ்சிடுச்சு, ஆனா போக எடம் இல்லன்னு உள்ளயே வருஷக்கணக்கா இருந்தவங்களுக்காக 2015 வாக்குல ஹோம் அகெய்ன்னு ஒரு திட்டம் கொண்டு வந்தாங்க. திட்டம் ரொம்ப சிம்பிள். சாதாரண தெருவுல ஒரு சாதாரண வீட்ட வாடகைக்கு எடுக்கறது, ஒத்து போற நாலஞ்சு பேர் ஒரு குடும்பம் மாதிரி சேந்து இருக்கறது, துணைக்கு உதவியாளர் ஒருத்தர், அவங்க பெரும்பாலும் அந்தந்த ஊரு பக்கத்து பெண்களே. சமையல், கடை, கோவில், டிவி, சண்டை, சமாதானம் எல்லாம் அவங்களோடது. மணி அடிச்சா சாப்பாடு, மணி அடிச்சா தூக்கம்னு எதுவும் கிடையாது. இது இப்போ கேரளா, மகாராஷ்டிரா, அசாம்னு வெளி மாநிலத்துக்கும் போயிருக்கு.

நான் சொல்ல வர்றது என்னன்னா, இந்த வீடுதான் வேலைக்கே அடிப்படை. முகவரி இல்லாம ஆதார்ல மாத்தம் பண்ண முடியாது, பேங்க் அக்கவுண்ட் தெறக்க முடியாது, மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு அலையணும், ஊரக வேலை திட்டத்துல கார்டு கேட்டா பஞ்சாயத்துல எந்த தெரு எந்த நம்பர்னுதான் முதல்ல கேப்பாங்க. அப்புறம் மாத்திரை. இந்த மாத்திரைல பல பேருக்கு காலைல எந்திரிக்கவே முடியாத தூக்கம் வரும், அத டாக்டர்கிட்ட சொல்லி நேரம் மாத்தி, மதிய ஷிஃப்ட் கேட்டு வாங்கி, மாத்திரை தீர்றதுக்குள்ள ஆஸ்பத்திரி போயிட்டு வந்து, இதெல்லாம் பாத்துக்க ஒரு நிலையான எடமும் ஒரு ஆளும் வேணும். ஹாஸ்டல் பெட்ல இருந்துகிட்டு, இல்ல சொந்தக்காரங்க வீட்டு திண்ணைல இருந்துகிட்டு ஒருத்தர் எத்தன மாசம் வேலைல நிப்பாரு? முகாம்ல ஆர்டர் வாங்கினவங்கள்ல எத்தன பேர் ஆறு மாசம் கழிச்சு அதே வேலைல இருக்காங்கன்னு உங்க நிருபர் ஒரு தடவ போய் கேட்டு எழுதட்டும், வேலைய விட்டவங்ககிட்ட காரணம் கேட்டா வீட்டு பிரச்சனை கட்டாயம் வரும்.

எங்க பக்கம் இதே மாதிரி ஒரு சேவை அமைப்பு, பேர் வேணாம், வீடு கேட்டு எங்கிட்ட வந்தாங்க. வாடகை மாசம் அஞ்சாம் தேதிக்குள்ள பேங்க்ல வந்துடும், அக்ரிமெண்ட் அமைப்பு பேர்ல, அட்வான்ஸ் ரெடி. ஒரு ஓனருக்கு இதவிட என்ன வேணும்? இருந்தும் ஒவ்வொரு வீட்டுலயும் அதே பேச்சு. அஞ்சு பொம்பளைங்களா, சொந்தக்காரங்க இல்லியா, ராத்திரி கத்துவாங்களா, பக்கத்துல சின்ன குழந்தைங்க இருக்கு, நாளைக்கு வீட்டுக்கு மார்க்கெட் போயிடும். ஒரு அம்மா டோக்கன் அட்வான்ஸ் வாங்கிட்டு ரெண்டாவது நாள் திருப்பி குடுத்தாங்க, வாங்க வந்த பொண்ணு முகத்த பாத்து ஒரு வார்த்தை பேசல. எனக்கு அன்னைக்கு ரொம்ப கோவம். குடிச்சிட்டு வந்து காம்பவுண்ட்ல ரகள பண்ற ஆளுக்கு சம்பள ஸ்லிப் இருந்தா வீடு கிடைக்குது, மாத்திரை சாப்பிட்டுட்டு தன் வேலைய பாக்கற மனுஷிக்கு கிடைக்காதா?

கடைசில ரிட்டயர்ட் வாத்தியார் ஒருத்தர் குடுத்தாரு. எல்லாம் அமோகமா போச்சுன்னு நான் பொய் சொல்ல மாட்டேன். அங்க இருந்த ஒரு அக்காவுக்கு தூக்கம் வராம விடியக்காலைல மொட்டமாடில நடப்பாங்க, கீழ் வீட்டுக்கு சத்தம்னு கம்ப்ளெயிண்ட் வந்துச்சு, உதவியாளர் பொண்ணு பேசி அந்த நடைய தெருப்பக்கம் மாத்தினாங்க, வேணும்னா தானும் கூட நடந்துச்சு. அவ்வளவுதான் விஷயம், இந்த அளவு பிரச்சனை நான் பிடிச்சு குடுக்கற எல்லா வீட்டுலயும் வர்றதுதான். அந்த வீட்டுல ரெண்டு பேர் இப்போ பக்கத்துல ஒரு மெஸ்ல காய் நறுக்கற வேலைக்கு போறாங்க, ஒருத்தர் தையல். பதினோரு மாசம் முடிஞ்சப்ப வாத்தியார் மத்த குடித்தனக்காரங்களுக்கு ஏத்துற மாதிரியே அவங்களுக்கும் வாடகைய ஏத்தி அக்ரிமெண்ட் புதுப்பிச்சாரு. பாவம்னு குறைக்கவும் இல்ல, பயம்னு காலி பண்ணவும் சொல்லல. எனக்கு அது ரொம்ப பிடிச்சிருந்துச்சு.

ஏர்வாடிய இந்த எடத்துல நான் நினைக்காம இருக்க முடியல சார். 2001 ஆகஸ்ட் 6, விடியக்காலைல அங்க ஒரு மனநல காப்பகத்துல தீ பிடிச்சப்போ சங்கிலில கட்டி போட்டிருந்த 28 பேர் ஓட முடியாம கருகி செத்தாங்க, நம்ம ராமநாதபுரம் மாவட்டத்துல. அவங்கள அங்க கொண்டு போய் விட்டது பெரும்பாலும் அவங்கவங்க குடும்பம்தான், கெட்ட எண்ணத்துல இல்ல, வேற வழி தெரியாம. அதுக்கப்புறம் சட்டம் மாறிச்சு. 2017 மனநல பராமரிப்பு சட்டம் 19வது பிரிவு தெளிவா சொல்லுது, குடும்பம் இல்ல, குடும்பம் ஏத்துக்கல, வீடு இல்லங்கற ஒரே காரணத்துக்காக யாரையும் மனநல காப்பகத்துக்குள்ள வெச்சிருக்க கூடாதுன்னு. ஆனா நாடு முழுக்க 43 அரசு மனநல மருத்துவமனைல எடுத்து 2019ல வந்த ஒரு ஆய்வுல, உள்ள இருக்கறவங்கள்ல மூணுல ஒரு பங்குக்கு மேல ஒரு வருஷமோ அதுக்கும் மேலயோ அங்கயே இருக்காங்கன்னு தெரிஞ்சுது. வெளிய விடலாம்னு டாக்டர் கையெழுத்து போடலாம், வெளிய எங்கன்னு யார் சொல்றது?

அரசுகிட்ட கேக்க வேண்டியதும் இருக்கு. 2016 சட்டம் 37வது பிரிவுல, அரசு வீடு ஒதுக்கற திட்டங்கள்ல மாற்றுத்திறனாளிங்களுக்கு 5 சதவீதம், அதுலயும் பெண்களுக்கு முன்னுரிமைன்னு இருக்கு. நம்ம நகர்ப்புற வாழ்விட வாரிய குடியிருப்புல இதுல எத்தன வீடு மனநலம் பாதிக்கப்பட்டவங்க கைக்கு போச்சுன்னு மாவட்ட வாரியா கணக்கு வெளியிடணும். மாச உதவித்தொகைய 1500ல இருந்து 2000 ஆக்குனாங்க, நல்லதுதான், ஆனா அது எல்லா வகைக்கும் கிடையாது, கிடைச்சாலும் எங்க ஏரியால ஒரு ரூமுக்கு கூட காணாது. வாடகை சட்டத்துல, அக்ரிமெண்ட்ல வேற மாதிரி எழுதாத வரைக்கும் அட்வான்ஸ் மூணு மாசத்துக்கு மேல வாங்க கூடாதுன்னு இருக்கு, நடைமுறைல எல்லாரும் வேற மாதிரி எழுதிக்கறாங்க. சின்ன அமைப்புங்களுக்கு இந்த மொத்த அட்வான்ஸ் பணம்தான் பெரிய தடை, ரெண்டு வீடு எடுக்கற காசு ஒரே வீட்டுல போய் முடங்குது. இந்த மாதிரி வீடுகளுக்கு அட்வான்ஸுக்கு பதிலா கலெக்டர் ஆபீஸ் ஒரு உத்தரவாத கடிதம் குடுத்தா போதும், பல ஓனருங்க ஒத்துப்பாங்கங்கறது என் தொழில் அனுபவத்துல நான் சொல்றது.

உங்ககிட்ட ஒண்ணு கேக்கறேன். வாரா வாரம் வீடு மனை பக்கம்னு தனியா போடறீங்க, எந்த ஏரியால சதுர அடி என்ன வெல, எந்த பில்டர் என்ன ஆஃபர்னு. அதுல ஒரு வாரம் இத எழுதுங்க. ஏற்கனவே இந்த மாதிரி வீடு குடுத்த ஓனருங்கள பேச வெங்க, அமைப்பு பேர்ல அக்ரிமெண்ட் எப்படி போடறது, போலீஸ் வெரிஃபிகேஷன் எப்படி, பிரச்சனை வந்தா யார கூப்பிடறதுன்னு ஓனருக்கு இருக்கற சந்தேகத்துக்கு எல்லாம் பதில் போடுங்க. வீடு வெச்சிருக்கறவங்க வேலைவாய்ப்பு பக்கத்த தொட மாட்டாங்க, வீடு மனை பக்கத்த விட மாட்டாங்க. அந்த பக்கத்த வெட்டி வெச்சுக்கிட்டு ஓனர் முன்னாடி போட்டு பேச நான் தயார், எங்க புரோக்கர் சங்கத்து ஆளுங்களுக்கும் குடுக்கறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கேளம்பாக்கம், செங்கல்பட்டு மாவட்டம்